ஒடுங்கும் இடமே உதிக்கும் இடம்



எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருளை முன்னிட்டு, உலகைக் கொண்டு இறைவனை உணர்தல் என்னும் பொருளை இன்று சிந்திப்போம். இது புதிய பொருளன்று. ஞாயிறு காலந்தவறாது எழுகின்றது, மழை பெய்கின்றது, வித்து முளைக்கின்றது, இவற்றை இயக்குவோன் ஒருவன் உளன் அன்றோ என்று கேட்பது நம் மேடைகளில் வழங்கிவரும் முறை. அடியேனும் ஆசிரியரிடம் பாடங்கேட்ட நாள்முதல் பல்லாண்டுகள் அவ்வாறே பேசிவந்தேன். அம்முறை தவறன்று, ஆயினும் அது முழுமையன்று என்பதனை ஓர் அன்பர் அடியேனுக்கு உணர்த்தினார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மார்கழி நிறைமதி நாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் நிலம் பிளந்து எழுந்த ஆழிப்பேரலை அன்று காலையிலேயே நம் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு, நாகைக் கடற்கரையை அடுத்த ஒரு சிற்றூர்த் திருக்கோயில் விழாவில் அடியேன் பேசினேன். வழக்கம்போல் ஞாயிற்றையும் மழையையும் கூறி, அவ்வூரார் மனங்கொள்ளுமாறு கடலையும் கூறி, இவையெல்லாம் இறைவன் இருப்பையும் அருளையும் காட்டுகின்றன என்று முடித்தேன். கூட்டம் கலைந்தபின் வலைத்தொழில் செய்யும் அன்பர் ஒருவர் அருகே வந்தார். "ஐயா, கடல் கடவுளைக் காட்டுதுன்னு சொன்னீங்க. எம் மவளைக் கொண்டுபோனதும் இந்தக் கடல்தான். அது எந்தக் கடவுளைக் காட்டுது?" என்று கேட்டார். சினத்தோடு கேட்கவில்லை; அறிய விரும்பியே கேட்டார். அடியேன் விடையின்றி நின்றேன்.

ஊர் திரும்பியதும், இளமையில் பாடங்கேட்ட சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். உலகைக் கண்டு இறைவனைத் துணிந்த நம் முன்னோர் எவ்வழிச் சென்றனர், எவ்விடத்து நின்றனர் என்பதனை அடிமுதல் ஆராய்ந்தேன். அவ்வரலாறே இன்றைய பேச்சு.

ஐம்பூதங்களும் தமிழரும்

இயற்கையை வெறும் காட்சியாகக் கொள்ளாது, குணங்களை அறிவிக்கும் அடையாளமாகக் கொள்வது தமிழில் மிகப் பழைய வழக்கு. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனைப் பாடியது. அதில் நிலம், வானம், காற்று, தீ, நீர் என்னும் ஐந்தின் இயல்பும் அரசனிடத்து உள்ளன என்கின்றார் புலவர். நிலத்தின் இயல்பு பொறை. வானின் இயல்பு அகன்ற சூழ்ச்சி. காற்றின் இயல்பு வலிமை. தீயின் இயல்பு பகையை அழித்தல். நீரின் இயல்பு அளி. அழித்தலும் அளியும் ஒருவனிடத்தே அடுத்தடுத்து வைத்து எண்ணப்பட்டமையை நினைவிற் கொள்க. பின்னர்ப் பயன்படும்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான் சிறப்பினை வைத்தார். இறைவன் கருணை உலகிற்குக் கட்புலனாவது மழையாலே என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

திருமுறைக் காலத்தில் இக்கருத்து முழுவடிவம் பெற்றது. ஐம்பூதம், ஞாயிறு, திங்கள், உயிராகிய இயமானன் என எட்டும் இறைவனுக்குத் திருமேனி; ஆதலின் அவன் அட்டமூர்த்தி. ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் நின்ற திருத்தாண்டகத்தில் இவ்வெட்டுமாய் இறைவன் நிற்கும் நிலையைப் பாடினார். மணிவாசகர் திருவண்டப் பகுதியில் எண்ணிறந்த அண்டங்களைக் கூறி, இல்லத்துள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் நுண்துகள்போல அவை இறைவன் முன் சிறியவாகும் என்றார். காஞ்சியில் நிலமாகவும், ஆனைக்காவில் நீராகவும், அண்ணாமலையில் தீயாகவும், காளத்தியில் காற்றாகவும், தில்லையில் வெளியாகவும் பெருமானை நாம் வழிபடுகின்றோம். ஆனைக்காவில் கருவறையில் ஊறும் நீரையும், தில்லையில் திரைக்கு அப்பால் உருவொன்றும் இன்றி விளங்கும் வெளியையும் கண்டவர்க்கு இது நூற்செய்தியன்று, அனுபவம்.

ஆயினும் இஃது அன்பர் உணர்வு. அன்பில்லாதவன் வந்து, "பூதங்களே போதும், அவற்றின்பின் ஒருவன் எதற்கு?" என்று கேட்டால் என் செய்வது?

மணிமேகலையில் எழுந்த வழக்கு

அவ்வினாவும் தமிழில் பழையதே. சாத்தனார் இயற்றிய மணிமேகலை பௌத்த காப்பியம். அதில் சமயக்கணக்கர் தம் திறங்கேட்ட காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். அவருள் சைவவாதியும் ஒருவன். இருசுடரும் இயமானனும் ஐம்பூதமுமாகிய எட்டினையும் உடையவன் தன் இறைவன் என்கின்றான். அதே காதையில் பூதவாதியும் பேசுகின்றான். ஆத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால், அவற்றுள் தனித்தனியே இல்லாத மயக்கம் கள்ளிற் பிறக்கின்றது. அதுபோலப் பூதங்கள் கூடியவிடத்து அறிவு பிறக்கின்றது. அவை பிரிந்தால் அறிவும் மறைகின்றது என்பது அவன் கூற்று.

இன்றும் நம் பிள்ளைகள் இதனையே வேறு சொற்களால் கேட்கின்றனர். மாற்றார் காப்பியம் ஒன்றில் நம் கொள்கையும் அதன் மறுப்பும் அருகருகே இடம்பெற்றமை நமக்கு நன்மையே. எதிர்ப்பைக் கேளாத கொள்கை வேரூன்றாது.

குயவனும் குடமும்

வடமொழியில் இவ்வழக்கினை விரிவாக நடத்தியோர் நியாய நூலார். அவருள் தலைசிறந்தவர் உதயணர். அவர்தம் இலக்கணாவலி என்னும் நூல் சக ஆண்டு 906இல், அதாவது கி.பி. 984இல், எழுதப்பட்டது. இறைவன் உண்மையை நிறுவுதற்கென்றே நியாய குசுமாஞ்சலி என்னும் நூலை இயற்றினார் அவர். குடம் செய்யப்பட்ட பொருள். அதனைச் செய்தவன் ஒருவன் உளன். உலகும் உறுப்புகளால் ஆகிய செய்பொருள். ஆதலின் அதற்கும் ஒரு கருத்தா உளன் என்பது அவர்தம் வாதங்களுள் முதன்மையானது. காசுமீரச் சைவ ஆசிரியராகிய சத்தியோசோதியும் தம் நரேசுவர பரீட்சையில் இவ்வழியே வாதித்தார்.

எதிர்த்தோர் எளியர் அல்லர். வேதத்தை உடன்பட்ட மீமாஞ்சகரே எதிர்த்தனர். "குயவன் குடஞ்செய்வதைக் கண்டோம், உலகம் செய்யப்படுவதைக் கண்டவர் யார்? உலகம் என்றும் இப்படியே உள்ளது. பகுதிகள் தோன்றும், மறையும். முழுவுலகும் ஒருகாலத்துத் தோன்றிற்று என்பதற்குச் சான்று என்னை?" என்பது அவர் தடை. குடத்தையும் குயவனையும் மட்டும் காட்டி இத்தடையைக் கடத்தல் அரிது. இதனை உளங்கொண்டு, வழியையே மாற்றி அமைத்தவர் நம் மெய்கண்ட தேவர்.

மெய்கண்டார் தொடங்கிய இடம்

திருப்பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர்க்கு மகனாய்த் தோன்றி, திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரால் அருளுபதேசம் பெற்றவர் மெய்கண்டார். காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு. சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே உடையது. அச்சூத்திரங்களின் அடிகள் நாற்பது. அதன் முதற் சூத்திரமே பதியுண்மையை நிறுவுவது.

அன்பர்கள் இங்குச் சற்றே கருத்தூன்றிக் கேட்க வேண்டுகின்றேன். உலகின் அழகினின்றும் மெய்கண்டார் தொடங்கவில்லை. ஒழுங்கினின்றும் தொடங்கவில்லை. ஆண், பெண், அஃறிணை என மூவகையாகச் சுட்டப்படும் இவ்வுலகம் தோன்றுதல், நிற்றல், அழிதல் என்னும் மூன்று தொழிலுக்கு உட்பட்டது என்பதினின்றும் தொடங்குகின்றார். அழிவையும் சான்றாகக் கொண்டு இறைவனைத் துணிவது அவர் வழி.

அவர் வாதம் மூன்று படிகளாகச் செல்லும். முதற்படி: உறுப்புடையதாய்ப் பலவாய்ப் பிரித்துச் சுட்டப்படுவது எதுவோ அது தோன்றி நின்று அழியும். முழுவுலகும் அழிவதை யாரும் கண்டிலரே எனின், பகுதிகள் அழிதலைக் காண்கின்றோம். அழியும் பகுதிகளையன்றி முழுமை என வேறொன்று இல்லை. ஆதலின் முழுமையும் அவ்வியல்பினதே. மீமாஞ்சகர் தடை இவ்விடத்தே தளர்கின்றது.

இரண்டாம்படி: இல்லது தோன்றாது, உள்ளது அறவே இல்லாமற் போகாது. கோடையில் வற்றிய குளத்து நீர் இல்லாமற் போகவில்லை. கண்ணுக்குப் புலனாகா நிலையில் ஒடுங்கிற்று. ஆலமரம் வித்தினுள் ஒடுங்கிக் கிடந்து மீள முளைக்கின்றது. அவ்வாறே உலகம் அழிதல் என்பது தன் காரணமாகிய மாயையில் ஒடுங்குதலே; மீளத் தோன்றுதலும் ஒடுங்கிய இடத்தினின்றே.

மூன்றாம்படி: மாயை அறிவற்றது, தானே எழாது. உயிர்களோ அந்நிலையில் மலவிருளில் மூழ்கி, உடலும் கருவியும் இன்றி அறிவு விளங்காது கிடப்பன, அவையும் எழுப்பமாட்டா. அனைத்தும் ஒடுங்கியபோது ஒடுங்காது எஞ்சி நின்றவன் எவனோ, அவனே மீளத் தோற்றுவித்தல் கூடும். படைப்போனும் காப்போனும் ஒடுக்கத்துள் அடங்குவர். ஒடுக்குவோன் மட்டும் அடங்கான். எனவே ஒடுக்குவோனே உலகிற்கு முதல். அவனையே அரன் என்கின்றோம்.

மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல மாயை முதற்காரணம், இறைவன் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் எனக் கொள்ளுதல் நம் நூல் வழக்கு. பழைய குயவன் உவமையையும் கைவிடாது, அதற்கு அடித்தளமாக ஒடுக்கத்தை வைத்தமையே மெய்கண்டார் செய்த அருஞ்செயல்.

அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில், உலகாயதர் தொடங்கிப் புறக்கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுத்தார். மாற்றாரைப் பேசவிட்டுப் பின்னரே மறுக்கும் அம்முறை போற்றத்தக்கது. தில்லை உமாபதி சிவாசாரியர் 1313இல் சங்கற்ப நிராகரணம் இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 1785இல் இறைவனடி சேர்வதற்குள், சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்டார். அப்பேருரை இருபதாம் நூற்றாண்டிலேதான் முழுமையாக அச்சேறியது. சட்டத்துறையில் பணியாற்றிய நல்லசாமிப் பிள்ளை 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நாற்பது அடிகளைக் காத்துத் தர இத்தனை தலைமுறையினர் உழைத்துள்ளனர்.

மேனாட்டார் கண்ட இடர்

வலைத்தொழில் அன்பர் கேட்ட வினா மேனாட்டிலும் எழுந்ததே. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டு இலிசுபன் நகரில் திருநாள் வழிபாட்டிற்கு மக்கள் கூடியிருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது, கடல் பொங்கிற்று, நகர் தீப்பற்றி எரிந்தது. "இயற்கையின் ஒழுங்கு நல்லிறைவனைக் காட்டுகின்றது" என்றிருந்த ஐரோப்பிய அறிஞர் பலர் கலங்கினர். வால்த்தேர் அப்பேரழிவைக் குறித்தே ஒரு செய்யுள் இயற்றினார். பின்னர் 1802இல் வில்லியம் பேலி என்பார், கடிகாரத்தைக் கண்டவன் கடிகாரம் செய்தவனை உணர்வதுபோல, உயிர்களின் உடலமைப்பைக் கண்டு இறைவனை உணரலாம் என்று எழுதினார். 1859இல் டார்வின், அவ்வமைப்புக்குக் காலப்போக்கில் நிகழும் இயற்கைத் தேர்வே காரணம் என்று வேறு விளக்கம் தந்தார்.

அவரவர் நெறி அவரவர்க்கு உரியது. பிற சமயத்தைக் குறைகூறல் நம் நோக்கமன்று. நாம் அறிய வேண்டுவது ஒன்றே. உலகின் அழகிலும் அமைப்பிலும் மட்டும் இறைநம்பிக்கையை ஊன்றினால், அழகு குலையும் நாளில் நம்பிக்கையும் குலையும். அடியேன் அன்று கடற்கரையில் செய்த பிழையும் அதுவே. மெய்கண்டார் வழியில், அழிவு என்பது வாதத்திற்கு வந்த இடையூறு அன்று. வாதத்தின் வாயிலே அதுதான். அதனாலேயே புதிய அறிவியற் செய்தி ஒன்று வருந்தோறும், "இதனால் நம் சித்தாந்தம் மெய்ப்பட்டது" என்று மகிழ்தலும் வேண்டா. "கெட்டது" என்று அஞ்சுதலும் வேண்டா.

உலகம் காட்டும் குணங்கள்

இனி, உலகைக் கொண்டு இறைவன் குணங்களுள் எவற்றை அறியலாம்? பரிமேலழகர் எண்குணத்தானைப் பற்றிய குறளுக்கு உரை கூறுமிடத்துச் சைவாகமம் கூறும் எட்டினையும் தருகின்றார். தன்வயமுடைமை, தூய உடம்புடைமை, இயற்கையுணர்வுடைமை, முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருளுடைமை, முடிவிலாற்றலுடைமை, வரம்பிலின்பமுடைமை என்பன அவை.

அனைத்தும் ஒடுங்கத் தான் ஒடுங்காது நிற்றலால் தன்வயமுடைமை பெறப்படும். எண்ணிறந்த உயிர்களுக்கு அவ்வவற்றின் வினைக்கேற்ப உடலும் கருவியும் கூட்டுதலால் முற்றுணர்வும் ஆற்றலும் பெறப்படும். அருள் எவ்வாறு பெறப்படும்? குறைவிலா நிறைவாகிய ஒருவன் தன்பொருட்டு ஒன்று செய்தல் இல்லை. அவன் செயல் செய்வானாயின் அது பிறர்பொருட்டே. உலகம் உயிர்களின் மலம் நீங்கும்பொருட்டு மீள மீளத் தரப்படுகின்றது. துணியின் அழுக்கை நீக்கச் சாணத்தையும் உவர்மண்ணையும் இட்டு வெளுக்கும் வண்ணாரை இதற்கு உவமையாக்கினார் அருணந்தி சிவாசாரியர். சாணத்தை இடும்போது துணி மேலும் அழுக்குற்றதாகவே தோன்றும். ஒடுக்குதலும் உயிர்களின் இளைப்பாற்றும் பொருட்டே என்றும் சித்தியார் கூறும். முன்னே புறநானூற்றில் அழித்தலும் அளியும் அடுத்து நின்றன. இங்கே அழித்தலே அளியாகின்றது.

இவ்வளவும் கருதலளவையால் அறிவது. புகையைக் கண்டவன் தீ உண்டென அறிவான். குளிர் நீங்குதல் தீயை அணுகியவனுக்கே உண்டு. ஐம்பொறிக்கும் மனத்திற்கும் பொருளாய் அகப்படுவது அழியும் பொருளே; எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருளே; இறைவனோ இவ்விரண்டும் அல்லன் என்பது ஆறாம் சூத்திரத்தின் கருத்து. அவனை ஞானக்கண்ணாலேயே காணுதல் கூடும் என்பது ஒன்பதாம் சூத்திரம். விறகில் தீயும் பாலில் நெய்யும் மறைந்திருத்தல்போல இறைவன் மறைந்து நிற்கின்றான் என்றும், கடைந்தால் முன் வந்து தோன்றுவான் என்றும் அப்பரடிகள் அருளினார். உலகம் விறகு, கடைதல் நம் கடமை.

கடல் எழுப்பிய வினாவுக்கு விடை

மறு ஆண்டு விழாவிற்கு அவ்வூர் அன்பர்கள் மீண்டும் அழைத்தனர். அவ்வன்பரும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவரிடம் வினைக்கொள்கையை விரித்துரைக்க அடியேன் நா எழவில்லை. மகளை இழந்தவரிடம், "உன் வினை" என்று கூறுதற்கு உரிமை பெற்றவர் யார்? கொள்கை உண்மையாயினும், அது தன்னைத் தான் திருத்திக்கொள்ள ஆவது. பிறர் புண்ணில் இடுவதற்கு ஆவதன்று.

அன்று அதிபத்த நாயனார் வரலாற்றைக் கூறினேன். நாகை நுளைப்பாடியில் பரதவர் தலைவராக விளங்கிய அவர், வலைப்பட்ட மீன்களுள் ஒன்றை நாள்தோறும் சிவபெருமானுக்கு என்று கடலிலே விடுவார். ஒரு மீனே கிடைத்த நாள்களிலும் அதனை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். முடிவில் பொன்னும் மணியும் ஒளிரும் ஒரு மீன் கிடைத்தபோதும் அதனையும் விட்டார் என்கின்றது பெரியபுராணம். அவர் மீனைக் கடலுக்குக் கொடுத்தார் அல்லர். கடலை உடையானுக்குக் கொடுத்தார். கடல் தந்தபோதும் கடலைத் தெய்வமாக்காது, தராதபோதும் உடையானை மறவாது நின்றமையே அவர் தொண்டு.

பின்னர் அவ்வன்பரை நோக்கியே கூறினேன்: "சென்ற ஆண்டு அடியேன் பாதியே சொன்னேன். கடல் மாயையின் காரியம், அறிவற்றது. அது தருவதும் அறியாது, பறிப்பதும் அறியாது. ஊழிமுடிவில் நிகழும் ஒடுக்கம் வேறு, ஓருடலின் இறப்பு வேறு. எனினும் உடல் நீங்கியதனால் உயிர் இல்லாமற் போவதில்லை. உம் மகள் கடலின் கையில் இல்லை. கடலும் எவனிடத்து ஒடுங்குமோ, அவன் கையில் இருக்கின்றாள்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப இந்தக் கடலும் ஒருநாள் அடங்கும். அப்படித்தானே ஐயா?" என்றார். "அடங்கும்" என்றேன். திருநீறு பெற்றுக்கொண்டு சென்றார். அவர் துயர் தீர்ந்தது என்று அடியேன் கூறவில்லை. துயர் தீர்ப்பது நூலன்று, திருவருள். நூல் செய்வது, அழிவைக் கண்டு இறைவனைக் கைவிடாதபடி நம்மைத் தாங்குவதே.

அன்பர்களே! வழிபாடு முடிந்து செல்லுமுன் கூத்தப்பெருமான் திருமுன் சிறிது நேரம் நில்லுங்கள். ஒரு கையில் துடி, அது தோற்றம். அமைத்த கை காத்தல். மற்றொரு கையில் தீ, அது ஒடுக்கம். ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல் என்று உண்மை விளக்கம் உணர்த்தும். தீயேந்திய பெருமானே திருவடியையும் தூக்கி நிற்கின்றான். தீயை மட்டும் கண்டு திரும்பிவிடாமல், அத்திருவடியையும் கண்டு செல்வோமாக.

எல்லாரையும் அப்பெருமான் திருவருள் காத்தருள்க என்று வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.